பூட்டிய கடைக்குள் கலாவின் நாவல்

காலை ஏழரைக்குத் திருவண்ணாமலையில் புதுச்சேரிப் பேருந்து ஏறினேன். மடியில் பை; பைக்குள், மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து சார்ஜ் அடியோடு வற்றிப்போன என் இ-ரீடர். அதற்குள் என் தோழி கலா நான்கு வருடம் எழுதிய நாவல். படித்துப் பார் என்று அவளே ஏற்றித் தந்தது. போன மழையில் புதுச்சேரி மூலக்குளத்து வீட்டில் தண்ணீர் புகுந்து அவள் லேப்டாப் நாசமாகிவிட்டது. இனி இருப்பது இந்த ஒரே பிரதி. முந்தின இரவு என் போன் சார்ஜரில் போட்டும் திரை விழிக்கவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் பவர் பேங்க் கொடுத்தார். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் பட்டனை அமுக்கிப் பார்த்தோம். கோரிமேட்டில் மருத்துவமனைக்கு இறங்கும்போது, "வந்துடும்மா, கவலப்படாத" என்றார்.

பேருந்து நிலையத்தில் கலா காத்திருந்தாள். "இன்னாடி, உசுரு இருக்குதா?"

"தெரியலடி."

நேரு வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் தன் பழைய கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "ஒரு தபா பாத்துடலாம்க்கா" என்று அவரே பட்டனை அமுக்கினார். அவர் விட்டால் கலா, கலா விட்டால் நான். இருப்புக்கொள்ளாமல், அதை அங்கேயே விட்டுவிட்டுச் சர்பத் குடிக்கப் போனோம். திரும்பினால் ஷட்டர் இறங்கியிருந்தது. மணி ஒன்று தாண்டிவிட்டது. புதுச்சேரிக் கடைகள் மதியம் மூடும் என்பதை, இந்த ஊர்க்காரியான கலாவே பதற்றத்தில் மறந்திருந்தாள்.

"நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க" என்றார் பூ விற்கும் அம்மா.

கடற்கரைச் சாலையில் வெயிலோடு நடந்தோம். கம்ப்யூட்டரை அணைத்திருப்பாரோ, கேபிளைப் பிடுங்கியிருப்பாரோ என்று நான் புலம்பிக்கொண்டே வந்தேன்.

நாலு மணிக்கு ஷட்டர் ஏறியது. "கம்ப்யூட்டர ஆஃப் பண்ணவே மாட்டேன்க்கா. பண்ணா திரும்ப ஆன் ஆவாது" என்றார் கடைக்காரர். இ-ரீடர் திரையில் சின்னதாக ஒரு பேட்டரிப் படம். பழக்கதோஷத்தில் அவர் கை பட்டனுக்குப் போனது. நாங்கள் இருவரும் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தோம்.

சொட்டுச் சொட்டாக ஏறிய சார்ஜையெல்லாம் அமுக்கி அமுக்கி எழுப்பப் பார்த்து நாங்களேதான் தீர்த்திருக்கிறோம்; மூன்று மணி நேரம் யாரும் தொடாததால்தான் ஏறியிருக்கிறது. ஆக்கப் பொறுத்த எங்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் நாவல் திறந்தது. கலா முதல் பக்கத்தைத் தடவிப் பார்த்து அழுதாள். பிறகு சிரித்தபடி, "எல்லாத்தயும் பிரிண்ட் போடுங்கண்ணே" என்றாள். எனக்கு அந்தத் தெருவிலேயே ஆடலாம்போல இருந்தது.

மாலைப் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் மதியம் யாரும் கடையை மூடுவதில்லை. அங்கே ஒரு கடையில் செருகியிருந்தால் இந்நேரமும் பட்டனை அமுக்கிக்கொண்டேதான் இருந்திருப்போம்.