முதல் வீட்டு மோட்டார்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்துக்கு ஒரே தண்ணீர் லைன். காலை ஐந்தரைக்கு வரும், ஆறரைக்கு நின்றுவிடும். என் வீடு சந்தின் முதல் வீடு. அது போதாதென்று ஒரு மோட்டாரும் வைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டால் குழாயில் வருவதை எல்லாம் உறிஞ்சி என் டிரம்மில் கொட்டிவிடும். அது ஓடுகிற வரை பின்வீடுகளுக்கு நூல் மாதிரிதான் வரும். மோட்டார் போடக் கூடாது என்பது தெரியாமல் இல்லை. இன்னும் இரண்டு மூன்று வீட்டில் போடுகிறார்களே என்று மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன்.

டிரம் நிரம்பும் நேரத்தை வீணாக்க மாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு காலை ஜெபத்தை முடித்துவிடுவேன். மோட்டார் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்க வேண்டும் என்று சற்று உரக்கவே ஜெபிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சின் பின் அறையில் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. வசனத்தை இந்தி எழுத்தில் போர்டில் எழுதிப் போடுவேன். "நம்ம நடக்கிறதப் பாத்துதான் மத்தவங்க இயேசுவைத் தெரிஞ்சுக்குவாங்க" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

போன மழைக்கு முன்னால் ஒருநாள் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. ரிப்பேர் ஆக நாலு நாளாகும் என்றார்கள். கடைசிக்கு முந்தின வீட்டில் ஒரு மோட்டார் சும்மா கிடக்கிறது என்று யாரோ சொல்ல, இரவல் கேட்கப் போனேன். அந்த வீட்டுப் பெண் திருநெல்வேலிப் பக்கம். சர்ச்சுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வீட்டில் முருகன் படம்தான். கேட்டதும் ஸ்டூலில் ஏறி, பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். டேப்பே பிரிக்கவில்லை.

புதுசாக இருக்கிறதே, ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரவுக கோவத்துல வாங்கிட்டு வந்தாகக்கா. நான் இதப் போட்டா பின்னால பாய் வீட்டுக்கு ஒரு சொட்டு போகாது. அவரு அந்தக் கால வச்சிக்கிட்டு எங்க போயி தண்ணி தூக்குவாரு?"

கடைசி வீட்டு பாய் தையல்காரர். கட்டை ஊன்றித்தான் நடப்பார். பெட்டியில் ஒட்டியிருந்த பில்லைப் பார்த்தேன், ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆறு வருஷமும் இவள் நூல் மாதிரி வருகிற தண்ணீரைப் பொறுமையாகக் குடத்தில் பிடித்திருக்கிறாள். பரணில் இப்படி ஒன்று இருப்பது அந்த பாய்க்கே தெரியாது. நான் வாய் வலிக்கப் பேசுகிற ஒன்று, பிரிக்காத பெட்டியாக என் முன்னால் இருந்தது.

"நீங்க கொண்டு போங்கக்கா. பிள்ளைகளுக்கு நல்லது சொல்லிக் குடுக்கீக, உங்களுக்கு இல்லாததா" என்றாள். குத்திக் காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரிப்பேருக்குக் கொடுத்ததையும் திரும்ப வாங்கவில்லை.

அந்த ஞாயிறு பிள்ளைகள் முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது. சொல்லாமல் பாடம் நடத்த முடியாது என்று தோன்றியதால், டீச்சர் வீட்டில் இத்தனை நாள் மோட்டார் ஓடியது, அது தப்பு என்று சொல்லிவிட்டேன். வகுப்பே அதிர்ந்துபோகும் என்று நினைத்தேன். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

எங்கள் சந்தில் நடுவீட்டுச் சிறுமி முன்வரிசையில் இருந்தாள். எட்டு வயசு.

"தெரியும் டீச்சர். காலைல எங்கம்மா என்னைத்தான் அனுப்புவா. உங்க கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருப்பேன். மோட்டார் பந்த் ஆனதும் ஓடிப்போய்ச் சொல்லுவேன், அப்புறம்தான் அம்மா குடம் வைப்பா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க ஜெபம் பண்றதும் கேக்கும்" என்றாள்.

அவள் முகத்தில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. தினமும் காலையில் காலிக் குடத்துக்காக என் கதவுக்கு வெளியே நின்ற பிள்ளை, ஒரு ஞாயிறு தவறாமல் வந்து, நான் சொன்னதை எல்லாம் நம்பி உட்கார்ந்திருக்கிறது.