கழிவறைக்குப் பின்னால் அடிக்கப்பட்ட கூடாரம்

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், இங்கிலாந்தின் சரே மாவட்டத்துப் பண்ணையொன்றின் புல்வெளியில் பழைய மாணவர் சங்கத்தின் கோடை முகாம் நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், சட்டனில் வசிக்கும் அங்கத்தவர் அம்பலவாணனின் கூடாரம், அவரது மனமொப்பிய சம்மதமின்றி, ஏனைய குடும்பங்களின் வரிசையிலிருந்து அகற்றப்பட்டுக் கழிவறைக் கட்டடத்தின் பின்புறத்தில் அடிக்கப்பட்டது. அவ்வாறு செய்வித்தவர் சங்கத்தின் செயலாளர் கல்யாணசுந்தரம். கூறப்பட்ட காரணம், அம்பலவாணனின் ஆறு வயது மகள் தக்ஷிகாவுக்குக் கொப்பளிப்பான், அதாவது சின்னம்மை, என்பது. அக்காரணம் பொய்.

இது குற்றச்சாட்டு. இனி, குற்றம் சாட்டப்பட்டவரும் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க விதமாக, நடந்தது முழுவதும்.

அம்பலவாணன் யன்னல் பொருத்துபவர். ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்தில், அந்நாட்டு மொழியை அவர் பள்ளியில் கற்கவில்லை. அரசாங்கம் அனுப்பிய படிவங்களிலிருந்தே கற்றார். ஆகையால் இன்றும் அவருக்கு ஜேர்மன் மொழியில் காதலிக்கத் தெரியாது, மேன்முறையீடு செய்யத் தெரியும். கடதாசி இல்லாதவன் மனிதனே இல்லை என்று அந்நாடு அவருக்குக் கற்பித்தது. லண்டனுக்கு வந்த பின்னரும் அவர் அதை மறக்கவில்லை. அவரது வீட்டில் பிள்ளைகளின் சுகவீனங்களுக்கென ஒரு தனிக் கோப்பு உண்டு: இருமல், காது, வயிறு, ஏனையவை. மூன்று வயது மகன் யனுஷன் மூக்கினுள் பட்டாணிக் கடலையை அடைத்துக்கொண்டது "ஏனையவை" என்பதன் கீழ் வரும். கடலையும் ஓர் உறையில் இணைக்கப்பட்டுள்ளது.

இத்தகைய மனிதர் முகாமுக்கு ஆயத்தமின்றிப் போவாரா? புதிதாக வாங்கிய கூடாரத்தை அவர் முதலில் வீட்டு வரவேற்பறையிலேயே அடித்துப் பார்த்தார். ஒரு முறையல்ல, மூன்று மாலைகள். மனைவி தவநாயகி தொலைக்காட்சி நாடகத்தைக் கூடாரத்தின் வாசல்வழியே குனிந்து பார்க்க நேர்ந்தது.

"இஞ்சாருங்கோ, நாங்கள் சரேக்குத்தானே போறம், இமயமலைக்கு இல்லையே?" என்றாள் அவள்.

"பழகினால்தான் அங்கை போய் வெக்கப்படாமல் இருக்கலாம்" என்றார் அவர்.

உண்மையில் அவர் பயந்தது வெட்கத்துக்கு அல்ல. தக்ஷிகாவுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பவள் ஆரணி, செயலாளரின் மகள். இருவரும் வைகாசி மாதத்திலிருந்தே திட்டமிட்டிருந்தார்கள்: பக்கத்துப் பக்கத்துக் கூடாரம், துணிச்சுவரின் ஊடாகக் கதை. அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே அம்பலவாணன் விடியற்காலையில் புறப்பட்டு, வழியில் யனுஷன் இருமுறை வாந்தியெடுத்தும் காரை அநாவசியமாக நிறுத்தாமல், முதலாவது ஆளாக வந்து, செயலாளருக்கென ஒதுக்கப்பட்ட இடத்துக்கு அருகில் தம் கூடாரத்தை அடித்தார். அது ஒரு சுருக்கமும் இல்லாமல் நின்றது.

அதன் பின்னர் நிகழ்ந்தது ஒரு பந்தின் பிழை. பந்து வேலியோரத்துக்கு உருண்டது. தக்ஷிகா அதை எடுக்கக் குனிந்தாள். அங்கே காஞ்சோன்றிச் செடிகள். முகத்திலும் கைகளிலும் தடித்துச் சிவந்து, அழுதுகொண்டு வந்தாள்.

அம்பலவாணன் பதறவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து இளஞ்சிவப்புக் கலமைன் தைலத்தை எடுத்து, பஞ்சுக் குச்சியின் நுனியால், ஒவ்வொரு தடிப்பின் மேலும் ஒரே அளவில் வட்டமாக வைத்தார். யன்னல் ஓரத்தில் பசை வைக்கும் கை அது. ஒரு வட்டம்கூடக் கோணவில்லை. வேலை முடிந்தபோது, கொப்பளிப்பானுக்கு உலகத்தில் ஓர் அடையாளப் படம் வேண்டுமென்றால் தக்ஷிகாவைப் பிடித்து அச்சடிக்கலாம் என்ற நிலையில் அவள் இருந்தாள். இதை அவர் அப்போது கவனிக்கவில்லை. அது ஒன்றே அவர் தரப்புத் தவறு.

அந்நேரம் பார்த்துச் செயலாளரின் வாகனம் வந்து நின்றது. கல்யாணசுந்தரம் இறங்கினார், பிள்ளையைப் பார்த்தார், திரும்பவும் வாகனத்துக்குள் ஏறப்போனார்.

"அம்பலம்! இது அம்மாள் வருத்தமெல்லோ!"

"இல்லை அண்ணை, காஞ்சோண்டி. இவளுக்குக் கொப்பளிப்பான் ரெண்டு வயதிலேயே வந்து போட்டுது. டொக்டரின்ரை கடிதம் இருக்கு." அம்பலவாணன் கோப்பைத் திறந்து நீட்டினார்.

செயலாளர் கடிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது என்ன பாஷை?"

"ஜேர்மன்."

"அப்ப வந்தது ஜேர்மன் கொப்பளிப்பான். இது இங்கத்தையான். கடதாசிக்கு ஒருக்கால்தான் வரும், பிள்ளைக்கு எத்தினை தரமும் வரும். சங்கத்தின்ரை பொறுப்பு என்ரை தலையிலை. கழட்டுங்கோ, கழட்டி அங்காலை கொண்டு போங்கோ."

"அப்பா, இட்ஸ் நொட் ஃபெயர்" என்றாள் தக்ஷிகா. அழும்போது வட்டங்கள் வழிந்து இன்னும் பயங்கரமாயின.

நான்கு இளைஞர்கள் கூடாரத்தைப் பல்லக்குப்போலத் தூக்கிச் சென்று கழிவறைக்குப் பின்னால் வைத்தார்கள். அம்பலவாணன் கோப்புடன் பின்னால் நடந்தார்.

இங்கேதான் தவநாயகி வாயைத் திறந்தாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சம்பிரதாயம் தெரியும். இறைச்சி சுடும் அடுப்பில் கரி மூட்டியாகிவிட்டது. முதல்நாளே மசாலாவில் ஊறிய ஆட்டிறைச்சியைச் செயலாளரின் மனைவி யோகமலர் இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார். தவநாயகி அவரிடம் போய், தலையைச் சற்றுக் குனித்து, மிகுந்த பவ்வியத்துடன் கேட்டாள்:

"யோகக்கா, அண்ணை சொன்னால் சரிதான். அம்மாள் வந்திருக்கிறா எண்டால் நாங்கள் ஒழுங்கா இருக்கோணும். இந்த வளவுக்குள்ளை மச்சம் காய்ச்சலாமோ?"

இடுக்கி அந்தரத்தில் நின்றது. யோகமலர் செவ்வாய், வெள்ளி, சதுர்த்தி எதையும் தவறவிடாதவர். அம்மாள் வருத்தம் உள்ள வீட்டில் மச்சம், இறைச்சியோ மீனோ, அடுப்பேறாது என்பது அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"ஐயோ, பெரிய குற்றமெல்லே!" என்று சட்டியை மூடினார்.

"இது வீடில்லையப்பா, புல்வெளி!" என்றார் கல்யாணசுந்தரம்.

"ஒரு படலை, ஒரு தண்ணிக் குழாய். அப்ப ஒரு வளவுதான். நீங்கள்தானே வருத்தம் எண்டனீங்கள்?" என்றார் யோகமலர்.

அங்கத்தவர்களிடையே ஒரு முனகல் எழுந்தது. கிறிஸ்தவ அங்கத்தவரான பஸ்தியாம்பிள்ளை முன்னால் வந்தார். "நான் வேதக்காரன், பிள்ளை. எனக்கு மட்டும் ரெண்டு துண்டு சுட்டுத் தாவன்."

"நீங்கள் வேதம்தான், அண்ணை. அடுப்பு சைவம்" என்றார் யோகமலர்.

செயலாளர் சிந்தித்தார். கூடாரத்தை வேலிக்கு அப்பால், மாட்டுப் பட்டிக்குள் வைத்தால் வளவு வேறாகும் அல்லவா என்றார். மாடுகள் ஏறெடுத்துப் பார்த்தன, யோசனை கைவிடப்பட்டது. கடைசியில் அவர் கழிவறையைச் சுற்றி வந்து, குரலைத் தாழ்த்தி, "அம்பலம், யோசிச்சுப் பார்த்தால் அது காஞ்சோண்டியாயும் இருக்கலாம்" என்றார்.

"சந்தோசம் அண்ணை. அதை எழுத்திலை தாங்கோ." அம்பலவாணன் பேனையின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார். "செயலாளர் எண்டு கையெழுத்து வைச்சால், இந்த நிமிசமே கூடாரத்தோடை பழைய இடத்துக்கு வாறன்."

"ஒரு சொறிக்குக் கடிதமோ? உமக்கென்ன விசரே?"

தம் பதவிக் காலத்தில் ஒரு பிழையையும் ஒப்புக்கொண்டு எழுதியிராத கல்யாணசுந்தரம் அன்றும் எழுதவில்லை. ஆட்டிறைச்சி மசாலாவிலேயே இருந்தது. பின்னர் தூறல் வந்து கரியையும் அணைத்தது.

பசி வந்தால் பத்தும் பறக்கும்; தொற்றுநோய்ப் பயம் அந்தப் பத்தில் முதலாவது. தவநாயகி கையோடு புட்டுக்குழலும் மாவும் சிறு காஸ் அடுப்பும் கொண்டுவந்திருந்தாள். கழிவறைக்குப் பின்னாலிருந்து ஆவி எழுந்ததும் முதலில் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு தாய்மார், பிறகு வெட்கத்தைத் துறந்த தகப்பன்மார். வரிசை கழிவறையைச் சுற்றி வளைந்தது. எதற்காக நிற்கிறார்கள் என்று அறியாத வேறு முகாம்வாசிகளான வெள்ளையர் இருவரும் அதில் நின்று, புட்டும் சம்பலும் வாங்கிச் சென்றார்கள். வரிசையின் கடைசியில் செயலாளர்.

"தங்கச்சி, சம்பல் கொஞ்சம் கூடப் போடுங்கோ."

"கையெழுத்து வாங்கிப்போட்டுப் போடு" என்றார் அம்பலவாணன், கூடாரத்தினுள்ளிருந்து. தவநாயகி கேளாதவள்போல அகப்பையை நிறைத்தாள்.

சாப்பிட்டு முடிந்தும் ஆரணி போகவில்லை. தன் படுக்கைப் பையை இழுத்துவந்து தக்ஷிகாவின் பக்கத்தில் விரித்தாள்.

"ஆரணி, எழும்பி வா! உனக்கும் தொத்தும்!" என்றார் கல்யாணசுந்தரம்.

"நீங்களும் இங்கைதானே அப்பா சாப்பிட்டனீங்கள்?"

யோகமலர் கணவரைப் பார்த்த பார்வையில் அவ்வழக்கு முடிந்தது. கழிவறைக்குள் எவராவது கை உலர்த்தும் இயந்திரத்தை அமுக்க, அது ஒவ்வொரு முறை உறுமியபோதும் இரு சிறுமிகளும் சிங்கம், சிங்கம் என்று கூவிச் சிரித்து உருண்டார்கள். துணிச்சுவர்கூட இடையில் இல்லை. வாக்கு, கொடுத்ததைவிடக் கூடுதலாகவே நிறைவேறியதை அம்பலவாணன் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அது செயலாளரின் தயவால் அன்று.

காலையில் தக்ஷிகாவின் முகத்தில் ஒரு தடிப்பும் இல்லை. "பார்த்தீரோ, அம்மாள் புட்டோடை குளிர்ந்து போயிட்டா" என்றார் செயலாளர்.

திங்கட்கிழமை ஆரணிக்குக் கொப்பளிப்பான் போட்டது. மெய்யான கொப்பளிப்பான், வைத்தியர் பார்த்துச் சொன்னது. இரண்டு கிழமைக்குள் பொருளாளரின் இரட்டையருக்கும், யனுஷனுக்கும், ஐம்பது வயதில் கல்யாணசுந்தரத்துக்கும் போட்டது. அம்பலவாணன் நூலகத்துக்குப் போனார். தொற்றிய நோய் வெளியே தெரிய இரண்டு கிழமையளவு செல்லும் என்று அங்கிருந்த மூன்று புத்தகங்களும் ஒரே வாயாகச் சொல்லின. சனிக்கிழமை சந்தித்துத் திங்கட்கிழமை எவருக்கும் எவரிடமிருந்தும் தொற்றாது. அதாவது, நோய் முகாமுக்கு வந்து சேர்ந்தது செயலாளரின் சொந்த வாகனத்தில். அன்றிருந்த சிறுவர்களுள் அது அண்டவே முடியாதவள் என்று கடதாசி வைத்திருந்தவள் தக்ஷிகா மட்டுமே.

அவ்வளவில் விட்டிருப்பார். கார்த்திகையில் சங்கத்தின் ஆண்டறிக்கை வந்தது. அதில் இருந்த வாக்கியம்: "அங்கத்தவர் அம்பலவாணனின் குடும்பத்தினரால் முகாமில் நோய் பரவியமையால், அடுத்த ஆண்டு அன்னாரின் கூடாரம் தனியிடத்தில் அமைக்கப்படும்."

தக்ஷிகா சோற்றுக் கோப்பையுடன் தகப்பனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அப்பா, நெக்ஸ்ட் இயர் ஆரணியோடை ஏலாதோ?"

"கேட்டுச் சொல்லுறன், பிள்ளை" என்றார் அவர்.

கேட்கிறார். மேற்படி வாக்கியம் நீக்கப்படுமா? வரும் ஆகஸ்டில் தக்ஷிகாவின் கூடாரம் ஆரணியின் கூடாரத்துக்கு அருகில் அடிக்கப்படுமா? ஓம் அல்லது இல்லை என, செயலாளரின் கையெழுத்துடன், எழுத்துமூலம் பதில் தரப்படல் வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் பதிலும், கோயில் வாசலில் சொல்லப்படும் பதிலும், யோகமலர் அக்காவிடம் சொல்லி அனுப்பப்படும் பதிலும் பதிலாகக் கொள்ளப்படமாட்டா.