முப்பது நொடி அசையாதவர்

இது நடந்தது. ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. இதில் வருகிற நேரமெல்லாம் கேமராவில் பதிவானது. நம்பாதவர்கள் வந்தால் மெமரி கார்டைக் காட்டுகிறேன். ஆனால் கூட உட்கார்ந்து பார்க்க மட்டும் கூப்பிடாதீர்கள்.

வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் சீட் போய்விடும். அதனால்தான் எல்லோரும் தூங்கியபிறகு உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குப் போட்டோகிராபி படிக்க வேண்டும். அப்பாவுக்கு அது படிப்பே இல்லை. ஆறு மாதம் கெஞ்சிய பிறகு ஒரு வழிக்கு வந்தார்.

"ஒரே ஒரு வாட்டி அப்ளிகேஷன் போடு. கிடைச்சா போ. கிடைக்கலன்னா வாய மூடிக்கிட்டு சித்தப்பா ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்துடணும். சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

கல்லூரியில் கேட்டது பத்துப் படம். தலைப்பு: உங்கள் தெரு. ஒரே ஒரு நிபந்தனை. எந்தப் படத்திலும் ஆள் இருக்கக் கூடாது. ஆனால் ஆள் புழங்குகிற இடம் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும்.

எங்கள் தெருவில் என்ன இருக்கிறது? பேக்கரி, சைக்கிள் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, சலூன், மூடியே கிடக்கும் ஒரு தையல் கடை. "சாக்கடை மூடிய எடு, அதுதான் நம்ம தெருவுலயே அழகு" என்றான் அண்ணன். கேமரா அவனுடையது. அதனால் அவன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு அவன் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

ஆனால் பார்க்கப் பார்க்கத் தெருவில் விஷயம் இருந்தது. சைக்கிள் கடையில் தொங்கும் டயர்களுக்கு நடுவே விழும் வெளிச்சம். பேக்கரி கண்ணாடியில் சின்னப் பிள்ளைகள் மூக்கை வைத்து அழுத்திய தடம். மூன்று வாரத்தில் ஒன்பது படம் தேறியது. ஆள் இல்லாமல் எடுப்பதுதான் உயிர் போகிற வேலை. சரியாக நான் பட்டனை அழுத்தும்போதுதான் யாராவது குறுக்கே வருவார்கள்.

அதற்கு ஒரு வழி உண்டு. கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, அதன் கண்ணை முப்பது நொடி திறந்தே வைக்க வேண்டும். நடப்பவர்கள் யாரும் படத்தில் விழ மாட்டார்கள். கரைந்து போய்விடுவார்கள். முப்பது நொடியும் அசையாமல் இருப்பது மட்டும்தான் படத்தில் நிற்கும். அந்தக் கடைக் கண்ணாடிகளில் நானே தெரிந்துவிடக் கூடாது என்று, பட்டனை அழுத்தியதும் ஓடிப்போய்த் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

பத்தாவது படம் சலூன் நாற்காலி. அன்றுதான் கடைசி நாள். இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். சலூன்காரர் நல்ல மனுஷர். கேட்டதும் நாற்காலியைக் கண்ணாடி பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, படத்தில் விழாத ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் எதிர்ப்பக்கம், மூடிக் கிடந்த தையல் கடை வாசலில் ட்ரைபாடை நிறுத்தினேன்.

மாலை 6:38. முதல் படம்.

கேமராவின் திரையில் பார்த்தேன். நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார். கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. முதுகுப் பக்கம்தான் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலி காலி.

"அண்ணே, யாரையாச்சும் உக்கார வெச்சீங்களா?"

"யாரு வரா? காலைலேர்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்ம்மா!"

அண்ணன் எடுத்த பழைய படம் எதையோ பார்த்துவிட்டேனோ என்று நினைத்தேன். எரிச்சலாக இருந்தது.

6:46. இரண்டாவது.

அதே ஆள். நாற்காலி மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒரு காது தெரிந்தது. முடி ஈரமாக இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பது நொடியில் ஒருவர் மூச்சு விட்டாலே துணி கலங்கித் தெரியும். இந்தத் துணியில் ஒரு மடிப்புகூடக் கலங்கவில்லை. அப்படி ஒரு கூர்மை. அந்த நேரத்தில்கூட எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வாரமாக நாயாக அலைந்திருக்கிறேன். இன்னும் ஒன்றேகால் மணி நேரம்தான் இருக்கிறது. எவனோ வந்து நடுவில் உட்கார்ந்திருக்கிறான்!

6:53. மூன்றாவது.

நாற்காலி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கன்னம் தெரிந்தது.

அண்ணனுக்கு போன் போட்டேன்.

"டேய், உன் கேமராவுல என்னடா பண்ணி வெச்சிருக்க? எவனோ உக்காந்திருக்கான்."

"லென்ஸ தொடச்சியா, பூதக்கண்ணாடி?"

"விளையாடாத. அழுதுடுவேன். எல்லாப் படத்துலயும் இருக்கான்."

"அத ஏன் எங்கிட்ட சொல்ற? அவன்கிட்டயே எந்திரிக்கச் சொல்லு."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

நான் அதைத்தான் செய்தேன்.

கேமராவை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து சலூனுக்குள் போனேன். சலூன்காரர் எழுந்து பக்கத்தில் வந்தார். நாற்காலி கண்ணாடியைப் பார்த்தபடிதான் இருந்தது. கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. தலை வைக்கிற இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

என் பொறுமை போய்விட்டது. காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன்.

"எந்திரிங்க! உங்களால என் படம் கெடுது. எந்திரிச்சு வெளிய போங்க!"

சலூன்காரர் என் முகத்தையே பார்த்தார். "யாரத் திட்டுறம்மா?"

எனக்கே வெட்கமாகிவிட்டது. "ஒண்ணுமில்லண்ணே... பரீட்சை டென்ஷன்."

"தண்ணி குடிக்கிறியா?"

குடித்தேன். திரும்பி வந்தேன். கேமராவில் சின்ன விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

புதிதாக ஒரு படம் இருந்தது.

7:09.

நாற்காலி காலி. வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றது. வெள்ளைத் துணி இல்லை. யாரும் இல்லை. மூன்று வாரமாக நான் தேடிய படம் அதுதான்... அவ்வளவு அழகு.

யார் அழுத்தியது? போகிற வருகிறவர்கள் யாராவது விளையாட்டாக அழுத்தியிருப்பார்கள், நான் தண்ணீர் குடிக்கும்போது சலூன்காரர் நாற்காலியைத் திருப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் நானும் சலூன்காரரும் நாற்காலிக்குப் பக்கத்தில்தானே நின்றோம், எங்களைக் காணோமே? அதற்கும் பதில் வைத்திருந்தேன். முப்பது நொடியில் அசைந்திருப்போம். கரைந்திருப்போம்.

7:41க்கு அனுப்பினேன்.

பதினோராம் நாள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு மேடம். என் பத்துப் படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, எடுத்த தேதி வரிசையில் மேசை மேல் பரப்பி வைத்திருந்தார்.

"ஆள் வேணாம்னு சொன்னோம். பத்துப் படத்துலயும் ஆள் இருக்கே?"

மேசைப் பக்கம் குனிந்தேன்.

அவர் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். முதல் படம், பேக்கரி கண்ணாடி. அதில் தெரிகிற தெருவின் கடைக்கோடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. இரண்டாவது, சைக்கிள் கடை. ஒரு சைக்கிள் மணியின் பளபளப்பில் அதே வெள்ளை. கொஞ்சம் பெரிது. நான்காவதில் மின்கம்பத்துக்குப் பக்கம். ஏழாவதில் தெருவின் இந்தப் பக்கம். ஒன்பதாவதில், மூக்குக்கண்ணாடிக் கடையின் கண்ணாடியில், ட்ரைபாடுக்கு ஒரு கை தூரம்.

கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. சலூன் பக்கமே நான் போகாத நாட்களில் எடுத்த படங்களிலும்.

பத்தாவது படத்தில் சலூன் கண்ணாடி. அதில் சின்னதாக எதிர்ப்பக்கம் தெரிந்தது. தையல் கடை வாசல். என் ட்ரைபாட். அதற்குப் பின்னால் குனிந்து, கேமராவில் கண்ணை வைத்தபடி, அதே வெள்ளைத் துணி...

"படத்துக்குப் படம் ஒரு அடி கிட்ட கொண்டாந்திருக்கீங்க உங்கள. கடைசில கேமராவையே கைல எடுத்துக்கறீங்க. யாருக்கும் தோணாத யோசனை! இது நீங்கதானே? வேற யாரையாவது நிக்க வெச்சு எடுத்திருந்தா நாங்க ஒத்துக்க முடியாது."

கதவின் கண்ணாடி வழியாக அப்பா தெரிந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா மேடம்," என்றேன். "நான்தான்."

சீட் கிடைத்துவிட்டது. அப்பா வழியெல்லாம் யாருக்காவது போன் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். "எம் பொண்ணு... ஆமா, எம் பொண்ணுதான்." அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. இனி அதை எப்படிக் கெடுப்பது?

புறப்படும்போது மேடம் ஒன்று சொன்னார். "எதுலயும் முகம் சரியா தெரியல. கடைசியில கேமரா மறைச்சிடுச்சு. திங்கக்கிழமை முதல் கிளாஸுக்கு உங்க முகத்த ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

இன்று இரவு 12:20க்கு, அண்ணன் தூங்கியபிறகு, அந்த 7:09 படத்தைத் திறந்தேன். ஒவ்வொரு படமும் எத்தனை நொடியில் எடுத்தது என்று கேமரா குறித்து வைத்திருக்கும். நான் எடுத்த மூன்றிலும் முப்பது நொடி என்று இருந்தது.

அதில் அப்படி இல்லை.

நொடியில் அறுபதில் ஒரு பங்கு.

கண் சிமிட்டக்கூட அந்த நேரம் போதாது. அதில் யாரும் கரைய முடியாது.

நானும் சலூன்காரரும் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, விளக்கு வெளிச்சத்தில், நேருக்கு நேராக நின்றிருந்தோம். படம் முழுக்கத் தேடிவிட்டேன்...

கண்ணாடியில், கேமராவுக்குப் பின்னால், அவர் இருக்கிறார்.

நாங்கள்தான் இல்லை.