நாலாவது வயர்

முத்துவீரனிடம் யாராவது "அந்த நாலாவது வயரு எதுக்கு?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்கு மதியச் சோறு இறங்காது. 2008-ஆம் வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே மில்லில் இல்லை. ஸ்டோரில் கேட்டார்கள், டைம் ஆபீசில் கேட்டார்கள், கேன்டீனில் வடை போடுகிறவர்கூட ஒருநாள் சட்டுவத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

முத்துவீரன் தேவாரத்துக்காரன். ஐடிஐ முடித்துவிட்டு, ஆண்டிபட்டியிலிருந்து வைகை அணைக்குப் போகிற ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. எட்டு வருஷமும் டெம்பரரி. கூடச் சேர்ந்தவர்கள் பெர்மனென்ட் ஆகி, மில் குவாட்டர்ஸுக்குக் குடிவந்து, மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். இவன் தேனியில் வாடகை வீட்டிலிருந்து தினமும் ஐந்தரை மணி பஸ்ஸைத் துரத்திக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் வாயால் வந்த வினை என்பாள் அவன் மனைவி பூமாரி. சொல்வது சரியாகத்தான் இருக்கும், ஆனால் எரிந்து விழுந்துதான் சொல்வான். மேனேஜராக இருந்தாலும் சரி, வாட்ச்மேனாக இருந்தாலும் சரி.

அந்த வருஷம் மில்லுக்குப் புது மெஷின்கள் வந்தன. பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோரூமும், அதை வாங்கிச் சீவுகிற கார்டிங்கும் இனி நெட்வொர்க் வயரில்தான் பேசிக்கொள்ளும். கார்டிங் பஞ்சு கேட்டால் ப்ளோரூம் அனுப்பும், போதுமென்றால் நிறுத்தும். நடுவில் வயர் அறுந்து பேச்சு நின்றுபோனால் ப்ளோரூமும் நின்றுவிடும். அதன் பிறகு மில் முழுக்கப் பட்டினிதான். இந்த வயர்களைக் கோப்பதற்கு நான்கு டிபார்ட்மென்டிலும் ஒவ்வொரு சுவிட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை இது. வரிசையாக வயர் செருகும் ஓட்டைகளும் பொடிப்பொடி விளக்குகளுமாக, கைக்கு அடக்கமான இரும்புப் பெட்டி. அந்த வேலை முத்துவீரன் தலையில் விழுந்தது.

நான்கு பெட்டியை வரிசையாகக் கோக்க மூன்று வயர் போதும். முத்துவீரன் நாலாவதாக ஒன்று கேட்டான். கடைசிப் பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்குத் திரும்ப வந்து வளையத்தை மூடுகிற வயர். எலக்ட்ரிகல் மேனேஜர் சுயம்புலிங்கம் கூப்பிட்டு விசாரித்தார்.

"சார், தேனியில இருந்து உத்தமபாளையத்துக்குச் சின்னமனூரு வழியா போறோம். வீரபாண்டித் திருவிழாவுல ரோட்ட அடச்சிட்டா என்ன செய்வோம்? போடி, தேவாரம்னு சுத்திக்கிட்டுப் போவோம்ல? நாலாவது வயரு அந்தச் சுத்து ரோடு. நல்ல நாள்ல பொட்டியே அத அடச்சு வச்சிருக்கும். மத்த வயருல ஒண்ணு அறுந்துச்சுன்னா கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள தெறந்து விட்ரும். மெஷினுக்கே தெரியாது."

"அப்ப நல்ல நாள்ல சும்மாதான் கெடக்கும்."

"சும்மாதான் சார் கெடக்கணும். அதான் அதுக்கு வேலை."

சுயம்புலிங்கம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வினை அங்கேதான் பிறந்தது. மறுநாளே அதற்கு மில் முழுக்க 'சும்மா கெடக்குற வயரு' என்று பேர் வந்துவிட்டது. பேர் வந்த பிறகு மரியாதை எங்கிருந்து வரும்? ஒருத்தர் அதில் துண்டைக் காயப்போட்டார். இன்னொருத்தர் டிபன் கேரியரை மாட்டினார். பெட்டியில் வளையத்துக்கான செட்டிங்கைப் போட்டு முடிக்கும்வரை அந்த வயரின் கடைசி முனையைச் செருகவே கூடாது என்று முத்துவீரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஷிப்ட் எலக்ட்ரீஷியன் இம்மானுவேல், "பாவம், தொங்கிக்கிட்டு இருந்துச்சு" என்று செருகிவிட்டான். அனுப்பிய தகவலெல்லாம் போய்ச்சேர இடமில்லாமல் வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, நெட்வொர்க் மொத்தமும் திணறிப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு முத்துவீரன் இம்மானுவேலைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஒருவழியாகச் செட்டிங் போட்டு, வளையத்தை மூடி, நான்கு பெட்டியிலும் பச்சை விளக்குகளைப் பார்த்தான். வளையம் எங்கே அறுந்தாலும் கார்டிங் பெட்டியில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதோடு ஒரு மணியையும் சேர்த்து மாட்டலாம் என்று மேனேஜரிடம் கேட்டான்.

"வெளக்கு இருக்குல்லய்யா. அதத் தெனம் பாத்தாப் பத்தாதா?" என்றார் அவர். அதோடு இன்னொன்றும் சொன்னார். "அடுத்த மாசம் கோயமுத்தூர்ல இருந்து சீஃப் இன்ஜினியர் வர்றாரு. அவரு முன்னால ஒரு வயரப் புடுங்கிக் காட்டு. மெஷின் நிக்கலைன்னா ஒன் பெர்மனென்ட் ஆர்டர்ல அன்னைக்கே கையெழுத்து."

பூமாரியிடம் இதைச் சொன்னபோது அவள் குவாட்டர்ஸில் எந்த வரிசை வீடு வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் மில்லின் மெயின் சுவிட்சையே இறக்குவார்கள். கழுவித் துடைத்து, வாசலுக்கு வாசல் வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். கார்டிங் டிபார்ட்மென்ட்டைக் கூட்டிப் பெருக்குகிற மொக்கம்மாள் குங்குமத் தட்டோடு வந்தபோது, முத்துவீரன் சுவிட்ச் பெட்டி இருக்கிற பேனல் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் பொட்டியில ஒருத்தரும் கை வைக்கப்படாது. தட்டக் கொடுக்கா, நானே வச்சுக்கிறேன்."

மற்றவர்கள் கை பட்டதெல்லாம் விளங்காமல் போன கடுப்பு அவனுக்கு. பெட்டியின் முகத்தில் வெறுமையாகத் தெரிந்த இடமாகப் பார்த்து, கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமத்தை வைத்துக் கும்பிட்டான். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது மில்லில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அதற்குப் பிறகு தினமும் காலையில் பேனலைத் திறந்து பார்த்தான். பச்சை எரிந்தது, சிவப்பு இல்லை. நிம்மதியாகக் கதவைச் சாத்தினான்.

சீஃப் இன்ஜினியர் நவம்பரில் வந்தார். சுற்றிலும் முப்பது பேர் கூடிவிட்டார்கள். முத்துவீரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப ஒரு வயரப் புடுங்குறேன் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, ப்ளோரூமுக்குப் போகிற வயரைப் பிடுங்கினான்.

ப்ளோரூம் நின்றது. அவசரமாக வயரைத் திரும்பச் செருகினான். அதற்குள் பாதி வழியில் நின்ற பஞ்சு குழாயை அடைத்துக்கொண்டது. கார்டிங் மெஷின்கள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அடைப்பை எடுத்து ஓட்ட மூன்று மணி நேரமாவது ஆகும் என்று பிட்டர் வந்து சொன்னார். சீஃப் இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். சுயம்புலிங்கம் முத்துவீரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார்.

முத்துவீரனுக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நாலாவது வயரைப் பிடித்துக்கொண்டே டிபார்ட்மென்ட் வாசல்வரை போனான். வாசல் மேலே வயரில் ஒரு வாழைநார் முடிச்சு, காய்ந்து கறுத்து இன்னும் தொங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தான். மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"எந்தக் கழுதை இதுல வாழைக்கன்னக் கட்டுனது?"

மொக்கம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள். "நாந்தாம்ப்பா. பூசையன்னைக்கு ஆணி கெடைக்கல. சும்மா கெடக்குற வயருன்னு எல்லாரும் சொன்னாக, இழுத்துக் கட்டிட்டேன்."

"சும்மா கெடக்குதா? ஏக்கா, எட்டு வருசம் போச்சுக்கா. ஒன் வாழைக்கன்னுல என் பொழப்பே போச்சு."

"அறுந்தா செவப்பு வெளக்கு எரியும்னு நீதானப்பா ஊருக்கெல்லாம் சொன்ன? எரிஞ்சிருந்தா நீ பாத்திருக்க மாட்டியா?"

"எரியல. தெனம் பாத்தேன், எரியவே இல்ல. வா, வந்து நீயே பாரு."

அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் பேனல் கதவைத் திறந்தான். கூட்டமும் பின்னாலேயே வந்தது. விளக்கு வரிசையை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தவன், கடைசியில் பொட்டின் மேல் விரலை வைத்துவிட்டு நின்றான். நகத்தால் சுரண்டினான். சந்தனம் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு, ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் இல்லாத பூஜை நாளில் அது வெறும் புள்ளி. அவனுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

 மொக்கம்மாள் குனிந்து, உதிர்ந்த சந்தனப் பொருக்கைக் கையால் கூட்டி அள்ளினாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் சுயம்புலிங்கம் கூப்பிட்டார். "வயர அறுத்தது யாருன்னு சீஃப் பேரு கேக்குறாரு. எழுதிக் குடு. வெளிய அனுப்பணும்கிறாரு."

முத்துவீரன் வாசல் பக்கம் பார்த்தான். வாழைநார் நினைவுக்கு வந்தது. அதோடு தன் கட்டைவிரலும் நினைவுக்கு வந்தது.

"வயருன்னா அறத்தான் செய்யும் சார். அறுந்தா தெரியணும்னுதான் வெளக்கு. அத மறச்சது நான். என் பேரப் போடுங்க."

அவனுக்கு எட்டு வருஷம் பழுதில்லாத சர்வீஸ் இருந்ததால் வெளியே அனுப்பவில்லை. பெர்மனென்ட் மட்டும் மறு வருஷத்துக்குத் தள்ளிப்போனது. பூமாரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "எட்டு வருசத்துல மொதத்தடவையா ஒன் தப்ப ஒத்துக்கிட்டிருக்க. அத என்கிட்ட செஞ்சிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். நாலாவது வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு வேறு சுவர் வழியாக இழுத்தான். மேனேஜரிடம் கேட்காமலே மணியையும் மாட்டினான்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் மெயினை இறக்கினார்கள். மொக்கம்மாள் தட்டோடு கார்டிங் பேனலுக்கு வந்தாள். முத்துவீரன் கதவைத் திறக்காமல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"பொட்டிக்கு வேணாங்கா."

"பொட்டு இல்லாம விட்டா ஆகாதுப்பா. அதுக்கும் சேத்து ஒனக்கு வைக்கிறேன், குனி."

குனிந்தான். சந்தனத்தைத் தொட்ட விரலை அவன் நெற்றிக்கு நேராகக் கொண்டுவந்தவள், அப்படியே நிறுத்தி உற்றுப் பார்த்தாள்.

"இங்கன வெளக்கு ஒண்ணும் இல்லையே?"