குஞ்சுக் கூண்டில் வளர்ந்த ஆராய்ச்சி

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பத்துக்கு நான் மருமகளாக வந்த புதிது. சேலத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். கீழாநெல்லி இலைக்கு உள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியைச் சுரக்கின்றனவா என்பதுதான் ஆய்வு.

இலைமேல் ஒட்டிய கிருமிகள் சாகும்படி கழுவி, நறுக்கி, மாவுச்சத்து கலந்த கண்ணாடித் தட்டுகளில் வைத்தாயிற்று. சீரான சூட்டில் இருந்தால் உள்ளே இருப்பவை வளர்ந்து வெளியே வரும். அந்த நேரம் பார்த்துக் கல்லூரி இன்குபேட்டர் பழுதாகிவிட்டது. ஆய்வேடு கொடுக்கும் நாளோ நெருங்கிவிட்டது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார் பேராசிரியர். அடுத்த வருடம் படிக்க விடுவார்களா, யார் கண்டது? தட்டுகளை முறுக்கு டின்னில் அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் அழுதபடியே வந்தேன்.

மாமனார் என்னிடம் அதிகம் பேசமாட்டார். அன்று என் முகத்தைப் பார்த்து விவரம் கேட்டார்.

"எத்தன சூடு வேணும் அம்மிணி?"

சொன்னேன்.

"அது நம்ம குஞ்சுக் கூண்டுச் சூடுதான?"

அத்தை பதறிப்போனார். "ஏனுங்க, கிருமி வளக்கற தட்டக் குஞ்சுககிட்ட வெக்கறதா? நோவு கீவு வந்துட்டா என்னங்க பண்றது?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பண்ணையை நம்பித்தான் குடும்பமே. மாமனாரோ ஒரு கூண்டைக் காலி செய்து, குஞ்சுகளைத் தள்ளியிருந்த இன்னொன்றில் விட்டு, சூட்டுக்காகத் தொங்கவிட்டிருந்த பல்புக்குக் கீழே டின்னை வைத்தார்.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது ஊரில் கரண்ட் இல்லை. பதறி ஓடினேன். கூண்டருகே கரியடுப்பு கனிந்துகொண்டிருந்தது. மாமனார் தெர்மாமீட்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. அடுப்பை விசிறிக்கொண்டிருந்தது அத்தை!

"மத்தியானமே போயிருச்சு. சூடு எறங்காமப் பாத்துக்கிட்டோம் அம்மிணி."

கிருமிகள் வெண்புள்ளிகளாக வளர்ந்ததும் தட்டில் அயோடினை ஊற்றினேன். மாவுச்சத்து இருந்த இடமெங்கும் கருநீலம். ஒரே ஒரு வெண்புள்ளியைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். அங்கே மாவுச்சத்து கரைந்திருந்தது.

"நிலாவச் சுத்திக் கோட்ட கட்டுனாப்பல இருக்குது!" என்று மாமனார் சிரித்தார். அத்தையோ அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு, "எங்க ஊட்டுல வளந்ததுங்க!" என்று காட்டினார்.

பிறகு எத்தனையோ நல்ல ஆய்வகங்களில் வேலை பார்த்துவிட்டேன். ஆனாலும் இந்தப் படிப்பு எதற்கு என்று ஒருமுறைகூடக் கேட்காமல், தங்களுக்குப் புரியாத ஒன்றுக்காக அனலில் வெந்த அந்த இருவரை நினைக்கும்போது, அந்த வீட்டைப் புகுந்த வீடு என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.