அம்மனுக்கு நேர்ந்த சுருட்டை முடி

மூன்று வயது வரை நன்றாக நடந்த என் மகள் கவிநிலா, அதன் பிறகு விழ ஆரம்பித்தாள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் நான். வேலைக்குப் போகும்போது அவளைப் பிள்ளைக்காம்பராவில் விடுவேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா அக்காதான் அவளைக் கீழே போட்டுவிட்டு மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். எங்கள் லயத்து வீடுகளெல்லாம் கேட்கும்படி ஏசினேன். அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

தோட்டத்து மாரியம்மன் முன்னால் விழுந்தேன். "தாயே, எம்புள்ள ஏன் விழுறாள்னு காட்டு. அவ நிமிர்ந்து நடக்கட்டும். அதுவரைக்கும் அவ தலையில கத்தி படாது" என்று நேர்ந்துகொண்டேன். அது பிறந்த முடி. சீப்பு நுழையாத சுருட்டை. எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் அப்படி இல்லை. அம்மன் கொடுத்த அழகு என்று பூரித்துப்போயிருந்தோம்.

இரண்டு வருடம் போனது. அவளுக்குக் கை நடுங்கியது, படி ஏற முடியவில்லை. பேன் பிடிக்கிறது, முடியை எடு என்றார் என் வீட்டுக்காரர். நான் சண்டை பிடித்து மறுத்துவிட்டேன்.

போன தை மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டாக்டரம்மா, காலைப் பார்க்குமுன் முடியைத்தான் தொட்டுப் பார்த்தார். சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். ஆமாம், என் வீட்டுக்காரர் என் அத்தை மகன். ரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வந்தது. பிறவியிலேயே வந்து நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் அபூர்வ நோய். எங்களுக்குத் தெரியாமலே இருவர் வழியாகவும் வந்திருக்கிறது.

"யாரும் கீழ போட்டு வந்ததில்லம்மா," என்றார் டாக்டரம்மா. "இந்த நோய் இருக்கிற புள்ளைங்களுக்கு முடி இப்படித்தான் சுருண்டிருக்கும். இந்த முடியப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

குணமாக்க இன்னும் மருந்து இல்லையாம். பயிற்சியும், காலைத் தாங்கும் சப்பாத்தும்தான். பஸ்ஸில் வழிநெடுக அழுதேன்.

இறங்கியதும் நேரே சரோஜா அக்கா வீட்டுக்குப் போய்க் காலில் விழப்போனேன். அவர் தடுத்தார். "புள்ளய எங்கிட்ட குடு. நீ போய் தேத்தண்ணி ஊத்து" என்றார்.

இந்த வருடத் திருவிழாவில், நேர்ந்தபடி நடை வரும்வரை காத்திருக்காததற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, நடக்காத பிள்ளையின் முடியைக் கொடுத்தேன். மொட்டை போடும்போது சரோஜா அக்கா மடியில்தான் அவளை உட்கார வைத்திருந்தோம். இப்போது பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தூக்கிப் போவதும் அவர்தான்.

உங்கள் பிள்ளை காரணமில்லாமல் விழுந்தால் அடுத்தவரை ஏசாதீர்கள். அம்மனிடம் கேளுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். நடை கேட்டேன், அம்மன் தாங்கும் கையைக் கொடுத்தாள். மொட்டைத் தலையில் மறுபடியும் சுருட்டையாகவே முளைக்கிறது. தினமும் அதில் முத்தம் கொடுக்கிறேன்.