பட்டனைக் கட்டிவைத்த காலம்

நல்லூரில் பனியன் துணி பின்னும் கம்பெனிகளில் பதினெட்டு வருடம் எலெக்ட்ரீசியனாக இருந்த பாண்டித்துரை, மின்கருவிகளை ஏமாற்றுவதில் கைதேர்ந்தவர். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். இப்போது அவிநாசிபாளையத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. இங்கேயும் ஏமாற்றுவதுதான் தொழில், பி.எஃப். பிடிக்கிறார்கள் என்பதால் மரியாதை கூடியிருக்கிறது.

கூடத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். குண்டடத்துக் காற்றாலை முதல் நல்லூர் டிரான்ஸ்ஃபார்மர் வரை எல்லாவற்றையும் நொடிக்கு இருபதாயிரம் தடவை கணக்குப் போட்டு, நிஜம் போலவே நடத்திக் காட்டும். அதோடு நிஜ ரிலே ஒன்றை ஒயர் போட்டு இணைப்பார்கள். ரிலே என்பது, லைனில் கோளாறு வந்தால் மின்சாரத்தை வெட்டச் சொல்லும் காவல் பெட்டி. எதிரே இருப்பது பொய் லைன் என்று பாவம் அதற்குத் தெரியாது. உண்மையாகவே உழைக்கும்.

அன்றைக்கு வந்த ரிலே சென்னியப்பன் தயாரித்தது. பாண்டித்துரையின் பழைய முதலாளி. பின்னும் கம்பெனியை மூடிவிட்டு, அறுபது வயதில் ரிலே செய்ய இறங்கியிருந்தார். இரண்டு தடவை தோற்றாயிற்று. இன்று தேறினால் நல்லூர் லைனுக்கு நாற்பது பெட்டி ஆர்டர். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

தேறிவிட்டது. ஷார்ட் சர்க்யூட், இடி, காற்றாலை திடீரென்று நிற்பது என்று என்ஜினியர் கீதாஞ்சலி எதைக் கொடுத்தாலும் ஒழுங்காக நடந்துகொண்டது. கடைசியாக, கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பும் சோதனை. மிசின்கள் இழுக்கும் லோடு மெல்ல மெல்ல ஏறியது. ரிலே அசையவில்லை.

"பாஸுங்க," என்றாள் கீதாஞ்சலி. "பாண்டியண்ணா, ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

பாண்டித்துரை பேனாவைத் திறந்தார். மூடினார்.

"தாயி, நல்லூர்ல லோடு இப்படிப் படியேறி வராது. மொத்தமா ஒரே பாய்ச்சல்தான்."

"அதெப்படிங்ணா? கரண்ட் போனா ஸ்டார்ட்டர் விழுந்து மிசின் ஆஃப் ஆயிருமில்லீங்க. அப்புறம் ஒவ்வொரு மிசினா பட்டனை அமுக்கோணும்."

"அமுக்கிக் கட்டி வச்சிருந்தா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் செருமினார். "ஏம்ப்பா, வந்த எடத்துல பழங்கதை எதுக்கு?"

பழங்கதை இதுதான். மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில், திரும்பி வரும் கரண்டில் ஒரு நொடிகூட வீணாகக் கூடாது என்று, பச்சை பட்டனை அமுக்கிப் பனியன் நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார் பாண்டித்துரை. கரண்ட் வந்ததும் ஆள் தொடாமலே மிசின்கள் ஒன்றாக உறுமும். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். அந்நேரம் யாராவது மிசினுக்குள் கை விட்டிருந்தால் கை போகக்கூடிய காரியம். ஆனால் அந்த உறுமலை நினைத்தால் இன்றைக்கும் அவர் முகம் மலர்ந்துவிடும். தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது. பாதித் தெரு இன்னும் அப்படித்தான்.

"கட்டச் சொன்னது யாரு மொதலாளி?"

"அதையும் ரிப்போர்ட்டுல எழுதிக்குங்க கண்ணு," என்றார் சென்னியப்பன் கீதாஞ்சலியிடம்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, லோடு ஒரே நேரத்தில் ஏறும்படி மாற்றினாள். பாய்ந்தது. அதைக் கோளாறு என்று நம்பி, ரிலே டக்கென்று லைனை வெட்டியது. மறுபடி கொடுத்தாள்; மறுபடி வெட்டியது.

"எஞ்சோத்துல மண்ணப் போட்டுட்டயே பாண்டி."

"நாப்பது பெட்டியும் அங்க போயி வெட்டுச்சுன்னா, நல்லூரே ஒங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும். பரவாயில்லையா?"

கீதாஞ்சலி 'தேறவில்லை' என்று எழுதினாள். பாண்டித்துரை கையெழுத்துப் போட்டார். சென்னியப்பன் ரிலேயைப் பையில் வைத்தார், கிளம்பவில்லை.

"அதை மறுக்கா ஒருக்கா ஓட்டுங்க கண்ணு. ரிலே வேண்டாம், வெறும் லோடு மட்டும்."

திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. சத்தமில்லை. சென்னியப்பனும் பாண்டித்துரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஏழாம் நம்பர் மிசின் மட்டும் எப்பவுமே கெளம்பாது, இல்ல பாண்டி?"

"அது நீங்க கட்டுனது மொதலாளி."